பொருத்தம் கேட்டு வந்தவள்

12.01.1982, செவ்வாய்

இத்தாவில் நாற்பத்துமூன்றாம் நாள். கட்டிய மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல், வெள்ளைச் சீலையோடு இருக்க வேண்டும். இருப்பது கஷ்டமாக இல்லை. எங்கே போக வேண்டும் எனக்கு?

காலிதீன் காக்கா பொலிஸ் அறிக்கையின் பிரதியைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். கூடப் பிறந்தவர் என்பதால் உள்ளே வரலாம். ‘டிசம்பர் முதலாம் திகதி பிற்பகல் நான்கு மணியளவில், சம்மாந்துறை வீதியில் பயிற்சிக் கார். ஓட்டியவர் மருதமுனை முகைதீன்பாவா மகள் சுல்பிகா, வயது இருபது. இடப்பக்கம் இருந்தவர் பயிற்றுநர் பதியுதீன். எருமை மாடுகள் குறுக்கே வந்ததால் வாகனம் மதகில் மோதி வாய்க்காலில் வீழ்ந்தது. பயிற்றுநர் அவ்விடத்திலேயே மரணம். நான் பிழை விட்டுவிட்டேன் என ஓட்டியவர் வாக்குமூலம்.’

“அழுகா,” என்றார் காக்கா. “அழுதிட்டா நெஞ்சு லேசாகும்.”

நான் அறிக்கையை வாங்கி எழுத்துப்பிழை பார்த்தேன். மூன்று இருந்தன. பதியுதீன் என்ற என் மாப்பிள்ளையின் பெயரையே ஓரிடத்தில் பிழையாக எழுதியிருக்கிறார்கள்.

15.01.1982, வெள்ளி

ஜும்ஆ கலைந்த நேரம் சுல்பிகா வந்து வேலி வாசலில், கடப்படியில் நின்றாள். இது ஏழாவது வெள்ளி. பொருத்தம் கேட்டு வரச் சொல்லி அவளுடைய வாப்பா அனுப்புகிறார். தறி நெய்கிற மனிதர், அதிகம் கதைக்காதவர். பிழை செய்தவர் போய் ‘பொருந்திக்கொள்ளுங்க’ என்று கேட்க வேண்டும். பிழை பட்டவர் ‘பொருந்தினேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் மண்ணுக்குப் போனால் அந்தக் கணக்கு மறுமையில்தான் தீரும்.

நான் முதல் வெள்ளியே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல் வாயில் வந்தது, சொன்னேன். மனம் பொருந்தியதா? மனம் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை, அதைப் போய்க் கேட்பதற்கு.

மாமிதான் சொல்லவில்லை. சல்மா உம்மா, பதியுதீனைப் பெற்றவர். பெண்பிள்ளை இல்லாததால், மகன் மாப்பிள்ளையாக வந்த என் வீட்டுக்கே கூட வந்துவிட்டவர். சுல்பிகாவைக் கண்டதும் எழும்பிக் குசினிக்குள் போனார். அங்கிருந்து சத்தமாக, “என்ட புள்ளைய வாய்க்காலுக்க தள்ளிப்போட்டு, இப்ப வாசல்ல வந்து நிக்காவாம்,” என்றார்.

அவள் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுப் போனாள்.

21.01.1982, வியாழன்

எங்களிடம் கார் பழகிய மற்ற இரண்டு பிள்ளைகளின் வாப்பாமாரும் சொல்லியனுப்பிவிட்டார்கள். இனிப் பழக வரமாட்டார்களாம். வரிப்பத்தான்சேனைப் பிள்ளை அழுததாம். அந்தப் பிள்ளைக்காவது அழுகை வருகிறது.

ஆறு வருடத்தில் ஐந்து பெண்களை எடுத்தோம். லேனர்ஸ் லைசன்ஸுக்குப் பழக்குவது வேறு, கார் றேசுக்குப் பழக்குவது வேறு. எழுபத்தாறில் நான் நுவரெலியாவில் பெண்கள் பிரிவில் ஓடினேன், தலைத்துண்டுக்கு மேலே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. எங்கள் சாய்ந்தமருதில் அதை இன்னும் கதைக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஹாஜறா கல்யாணத்தோடு விட்டாள். சுபைறா படிப்பிக்கப் போய்விட்டாள். இதையே தொழிலாகச் செய்வேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் சுல்பிகா ஒருத்திதான்.

பழக்குகிறவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. இடப்பக்கம் இருப்பவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். என்ன நடந்தாலும் பிள்ளையின் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பதியுதீன் போட்ட சட்டம் அது. என்னைப் பழக்கும்போதும் அப்படித்தான் இருந்தார்.

02.02.1982, செவ்வாய்

கொழும்பிலிருந்து ஒரு டயர்க் கம்பனியின் கடிதம். பதியுதீன் போன ஒக்டோபரில் எழுதிப்போட்டதற்குப் பதில். தங்கள் றேஸ் குழுவுக்குப் பெண் ஒருத்தியை மாதச் சம்பளத்துக்கு எடுக்கப் போகிறார்கள். ஏப்ரல் 11, ஞாயிறு, நுவரெலியா மலையேற்றப் போட்டியில் ஓடவிட்டுப் பார்த்துத் தெரிவு. பட்டியலில் சுல்பிகாவின் பெயர் இருக்கிறது.

கடிதம் அவர் பெயருக்கு வந்திருக்கிறது. ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பலாமா?

05.02.1982, வெள்ளி

சுல்பிகா வந்தபோது மாமி தொழுதுகொண்டிருந்தார். ஜன்னலால் கடிதத்தை நீட்டினேன். வாசித்தாள்.

“எனக்கு இனி ஓட ஏலா ராத்தா.”

“ஏன்?”

“கை நடுங்குது.”

“நடுங்கிற கையாலயும் கியர் போடலாம். கிழம மாறினதும் வா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இரக்கமா? இல்லை. ஆறு வருட வேலை வீணாகப் போகிறதே என்று எரிச்சல். இந்த இரண்டு மாதத்தில் எனக்குள் வந்த ஒரே உணர்ச்சி அந்த எரிச்சல்தான். அது போனால் ஒன்றுமே இருக்காது என்ற பயத்தில் அதையே பிடித்துக்கொண்டேன்.

11.02.1982, வியாழன்

எங்கள் பின்சுவருக்கு அப்பால் சீனித்தம்பி ஹாஜியாரின் அரிசி ஆலை. நெல் காயப்போடுகிற சீமெந்துக் களம் பெரிது. போட்டிக்கென்று வைத்திருந்த மினி காரைக் காக்கா கராஜிலிருந்து எடுத்துவந்தார். தகர டின்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து ஓடச் சொன்னோம்.

நான் வெளியே போகக்கூடாது. பின்னறைக் கதிரையில் இருந்து காதால் கேட்டேன். கியரை முந்திப் போட்டால் ஜன்னல் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டு, பிந்திப் போட்டால் இரண்டு, நிறுத்த வேண்டுமென்றால் மூன்று. பார்த்துப் பழக்கும்போது பிள்ளையின் முகம் வாடினால் விட்டுக்கொடுத்துவிடுவேன். கேட்டுப் பழக்கும்போது அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது டின்னில் எக்சிலேட்டரிலிருந்து காலை விடுகிறாள், கியர் பிந்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம். இரண்டு தட்டு, இரண்டு தட்டு. மணிக்கூடு மாதிரி இருந்தேன்.

மாமி குசினியில் சட்டி பானையைப் போட்டு உருட்டினார். வீடு என்னுடையது, சீதனமாக வந்தது. ஆனால் பெற்ற வயிறு அவருடையது. நான் என்ன சொல்ல?

20.02.1982, சனி

எங்கள் கரையோரத்தில் மலை ஏது? மேடு என்றால் மதகு ஒன்றுதான். மலையேற்றப் போட்டிக்கு எப்படிப் பழக்குவது? மினியின் பின்சீற்றைக் கழற்றிவிட்டு மூன்று மூடை நெல்லை ஏற்றச் சொன்னேன். பாரத்தோடு இரண்டாம் கியரில் இழுத்துப் பழகினால் மலையும் அப்படித்தான் இருக்கும்.

“என்னகா, றேசா நெல் வியாபாரமா?” என்றார் காக்கா.

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேனா என்று நினைவில்லை.

09.03.1982, செவ்வாய்

அறுவடை. களம் முழுக்க நெல். பின்னேரம் வாரிக் குவித்த பிறகு ஒரு மணித்தியாலம் தருகிறேன் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். நெல் தூசியில் டயர் வழுக்குகிறது, சுல்பிகா பயப்படுகிறாள். நல்லது. நுவரெலியா றோட்டும் ஈரமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது டின்னில் விடுவது குறைந்திருக்கிறது. இன்று பத்துச் சுற்றில் நாலு தடவைதான்.

மாமி மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் வைக்கிறார். மீன் தலையை எனக்குத்தான் வைக்கிறார். அது மாறவில்லை.

26.03.1982, வெள்ளி

கம்பனியிலிருந்து இரண்டாவது கடிதம். விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம். ஆகவே பதிவு பெற்ற பயிற்றுநர் ஏப்ரல் 10, சனிக்கிழமை நுவரெலியாவுக்கு நேரில் வந்து, சுல்பிகா போட்டிக்குத் தகுதியானவள் என்று கையெழுத்து வைக்க வேண்டும். பதிவில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் இல்லை. மற்றது நான்.

டயறியைப் புரட்டி எண்ணினேன். டிசம்பர் 1இலிருந்து நாலு மாதம், ஏப்ரல் 1. மேலே பத்து நாள், ஏப்ரல் 11. போட்டி நாளும் இத்தா முடிகிற நாளும் ஒன்று. கையெழுத்தோ அதற்கு முதல் நாள்.

உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம். அவள் தகுதியானவள் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிற வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. தகுதியானவள்தானா? அன்றைக்கு அந்த மதகில் என்ன நடந்தது என்று நான் அவளை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

சுல்பிகாவிடம் சொன்னேன். “அல்லாஹ்ட நாட்டம் ராத்தா,” என்றாள். என்றாலும் பின்னேரம் வந்து களத்தில் ஓடினாள். ஏன் ஓடினாள் என்று நானும் கேட்கவில்லை. கரண்டியோடு போய் இருந்துகொண்டேன்.

01.04.1982, வியாழன்

இன்று பத்துச் சுற்றிலும் ஒரு தடவைகூட விடவில்லை. யாருக்கு என்ன பிரயோசனம்?

08.04.1982, வியாழன்

பின்னேரத்து அசறு பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும். மாமி என் மடியில் ஒரு பச்சைச் சீலையைக் கொண்டுவந்து போட்டார்.

“குளிச்சிட்டு மாத்துகா. இத்தா முடிஞ்சிட்டு.”

“ஞாயித்துக்கிழமதானே மாமி?”

“எந்த ஞாயிறு?”

டயறியைக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் காட்டியது எது என்று தெரிந்துவிட்டது. “இங்கிலீசுக் கலண்டர்ல ஆருகா இத்தா எண்ணுற? பிறையில எல்லுவா எண்ணணும். என்ட மகன் மவுத்தான அண்டையில இருந்து நாலு பிறையும், மேலால பத்து நாளும். இண்டைக்கு முடிஞ்சிட்டு. மூணு நாள் கூட இருந்தா கூட நன்மை கிடைக்கும்டு நினைச்சியா?”

விரல் மடக்கி மடக்கி எண்ணிக் காட்டினார். சரிதான். வண்டிக்கு ஒயில் மாற்றுகிற திகதியை எழுதி எழுதிப் பழகிய கை. அதே கையால் இத்தாவையும் எண்ணிவிட்டேன்.

“நான் போனா அந்தப் புள்ளைக்குத்தான் கையெழுத்து வைப்பன். தெரியும்தானே மாமி?”

“தெரியும். கணக்கு கணக்குதான். அவளுக்காக நான் ஒண்டும் செல்லல்ல.”

மூன்று நாள் பேசாமல் இருந்திருந்தால் போதும், சுல்பிகாவுக்கு ஓடக் கிடைத்திருக்காது. மாமி அதைச் செய்யவில்லை. குளித்தேன். பச்சைச் சீலை உடம்பில் யாருடையதோ போல் இருந்தது.

09.04.1982, வெள்ளி

பண்டாரவளை, காக்காவின் சிநேகிதர் வீடு. குளிர். எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை மறுத்துவிடுவேன்.

விடியச் சுபஹோடு புறப்பட்டோம். வெல்லவாய தாண்டியதும் மலை தொடங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து மலை றோட்டைக் காணாதவள், பழகட்டும் என்று சுல்பிகாவிடம் ஓட்டக் கொடுத்தோம். காக்கா பின்னால் டயர்களோடு ஒடுங்கிக்கொண்டு நித்திரை. நான் இடப்பக்கம்.

ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று எங்கள் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு இடம் இருந்தது. அதை அவள் கண்டுவிட்டாள் என்பது எஞ்சின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் வலது கை தொடைக்குக் கீழேயிருந்து பாய்ந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. கார் ஓரத்துக் கல்லில் உரசியது. அவள் என் கையைத் தட்டிவிட்டு வண்டியைத் திருப்பி எடுத்தாள். பஸ் போய்விட்டது.

“மாஸ்டரும் இப்படித்தான்—”

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். காரை ஓரமாக நிறுத்தினாள்.

“மாஸ்டரும் எப்படி?”

“ஒண்டுமில்ல ராத்தா.”

“செல்லு.”

முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். “மாடுகளுக்கு நடுவுல இடம் இருந்திச்சு. நான் போயிருப்பன். மாஸ்டர் பயந்து இழுத்திட்டார். கார் மதகுக்குப் போயிட்டு.”

“பொலிசில ஏன் அதச் செல்லல்ல?”

“மவுத்தான ஆள்ட குறைய எப்படி ராத்தா கதைக்கிற? அவருக்கு எழும்பி வந்து மறுமொழி செல்ல ஏலாதே.”

பதினெட்டு வெள்ளி. செய்யாத பிழைக்கு எங்கள் வாசலில் நின்று பொருத்தம் கேட்டிருக்கிறாள். நானும் பெரிய மனுசி மாதிரி ‘பொருந்தினேன்’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பண்டாரவளை வரைக்கும் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

10.04.1982, சனி

கையெழுத்து வைத்தேன்.

11.04.1982, ஞாயிறு

நாலு பெண்கள் ஓடினார்கள். பனி, றோட்டில் ஈரம். சுல்பிகா புறப்பட்டதும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் வளைவில் விடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அதற்கு மேல் மலை சத்தத்தை மறைத்துவிட்டது.

இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்த பெண் ஏற்கெனவே வேறொரு குழுவில் இருப்பவளாம். கம்பனிக்காரர் வந்து, “இவவை எடுக்கிறோம். ஜூன் முதலாம் திகதி கொழும்புக்கு வரட்டும், தகப்பனின் சம்மதக் கடிதத்தோட,” என்றார். காக்கா துள்ளினார். சுல்பிகா ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள்.

நான் தேத்தண்ணி குடித்தேன். சீனி போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

16.04.1982, வெள்ளி

மருதமுனைக்குப் போனேன். முகைதீன்பாவா தறியிலிருந்து எழும்பி எனக்குக் கதிரை போட்டார். வேலை விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார், மறுத்து.

“போட்டிக்கு நீங்க கூப்பிட்டீங்க, அனுப்பினன். உங்களுக்கு அவ கடமைப்பட்டவ. ஆனா கொழும்புக்கு அனுப்ப ஏலா மகள். மாஸ்டரப் பெத்தவட வாயால பொருந்தினேன்டு வராம, அந்தச் சம்பளத்தில என்ட புள்ள ஒரு வாய் சோறு திண்டாலும் அது ஹறாம்.”

“அவ பிழ—” என்று தொடங்கிவிட்டேன். தறிக்கு அந்தப் பக்கம் நின்ற சுல்பிகா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். மிச்சத்தை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

20.04.1982, செவ்வாய்

சொன்னால் ஒரு தாயிடம் போய், உன் மகன் தன் சாவைத் தானே இழுத்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தறிக்குப் பக்கத்திலேயே இருந்து கிழவியாவாள். ஜூன் முதலாம் திகதிக்கு இன்னும் ஆறு கிழமை.

இரண்டு நாளாக மாமியின் பின்னால் குசினிக்கும் கிணற்றடிக்குமாக நடக்கிறேன். வாய் வரவில்லை.

24.04.1982, சனி

இன்றும் சொல்லவில்லை.

04.05.1982, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பஸ் வந்ததை, என் கை போனதை, சுல்பிகாவின் வாயிலிருந்து தவறி விழுந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். என் கை போனதை இரண்டு தடவை சொன்னேன், அவர் மகன் மட்டுமல்ல என்று தெரியட்டும் என்று.

சுளகு நின்றது. என்னை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“சின்னதிலயும் அப்படித்தான்,” என்றார். “மாட்டு வண்டில்ல ஏத்தினா, ஓட்டுறவன்ட கையில இருந்து கயித்தப் பறிப்பான். அவன்ட வாப்பா எத்தின அடி அடிச்சிருப்பார்.”

அவ்வளவுதான். புடைத்த அரிசியைக் களைந்து உலையில் போட்டார். எனக்கும் சோறு போட்டார்.

14.05.1982, வெள்ளி

மாமி ஒன்றும் கதைப்பதில்லை. இன்று சுல்பிகா கடப்படிக்கு வந்தாள். மாமி குசினிக்குள் போகவில்லை. அவளைப் பார்த்தபடி இருந்தார், அவள் போகும்வரைக்கும்.

நான் சொன்னது பிழையோ?

23.05.1982, ஞாயிறு

காலையில் மாமி பெட்டியைத் திறந்து நல்ல சீலையை எடுத்து உடுத்தினார். “மருதமுனைக்குக் கொண்டு விடுகா,” என்றார். பின்சீற்றைத் திரும்பப் பூட்டியிருந்த மினியை நானே எடுத்தேன். மாமி பின்னால் ஏறிக்கொண்டார்.

பொருந்தினேன் என்று சொல்லத்தான் போகிறார், அல்ஹம்துலில்லாஹ், கடிதத்தை இன்றைக்கே எழுதி வாங்கிவிடலாம் என்று நான் என் பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

முகைதீன்பாவா கதிரை போட்டார். மாமி அதில் இருக்கவில்லை. சுல்பிகாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து தலை குனிந்து நின்று, வழக்கம்போல, “பொருந்திக்கொள்ளுங்க உம்மா,” என்றாள்.

“நீ செல்லாத,” என்றார் மாமி. “நான் செல்றன். என்ட மகன் உன்ட கையில இருந்ததப் பறிச்சிட்டான். பறிச்ச ஆள் கபுறுக்க கிடக்கான், அவனுக்கு வந்து கேக்க ஏலா. நான் அவன்ட உம்மா, அவனுக்காக நான் கேக்கன். பொருந்திக்கொள்ளு புள்ள.”

முகைதீன்பாவா ஒன்றும் விளங்காமல் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன செல்றாங்க இவங்க?”

“வாசல்ல நிக்க வேண்டிய ஆள் உங்கட புள்ள இல்ல தம்பி, நான்தான்,” என்றார் மாமி. மதகில் நடந்ததை அவரே சொன்னார். தறிகளில் சத்தம் நின்று, அடுத்த வளவுப் பெண்களும் வேலிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார், மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி.

சுல்பிகா தலையை ஆட்டினாள். மாமி விடவில்லை. “வாயால செல்லணும் புள்ள. தலையாட்டினாக் காணாது.”

“பொருந்தினேன் உம்மா.”

கடிதத்தை முகைதீன்பாவா என் டயறியின் பின்பக்கத்துத் தாளைக் கிழித்து வாங்கி அங்கேயே எழுதினார். மூன்று வரி. அதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது அந்த மனிதருக்கு.

திரும்பி வரும்போது மாமி என் பக்கத்தில், இடப்பக்கம் ஏறிக்கொண்டார். பாண்டிருப்பு தாண்டியிருக்கும். றோட்டு மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் தூசி என்று நினைத்துக் கையால் துடைத்தேன். தூசி கண்ணாடியில் இல்லை. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது, என் சத்தம்தான். நிறுத்த முடியவில்லை.

மாமி இரண்டு கையையும் மடியில் வைத்தபடியே இருந்தார். “காரை ஓரமா நிப்பாட்டுகா,” என்றார். “நிப்பாட்டிட்டு அழு.”

நிறுத்தினேன்.